7.5 சதவீத உள் ஒதுக்கீடு: அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவே

2019-20 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். இடங்களில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மறு ஆண்டே 300-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். அந்த இடைவெளியில் ஆசிரியர் எண்ணிக்கை கூடவில்லை, நீட் தேர்வும் அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. முடிவை மாற்றியது ஒரு விதி: யாருடைய மதிப்பெண்ணை யாருடைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது என்பது.

அந்த விதி எப்படி வந்தது, எப்படி வேலை செய்தது, எதைத் தொடாமல் விட்டது என்று இங்கே பார்க்கலாம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதத்தை அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரும் இந்த உள் ஒதுக்கீடு நியாயமான சட்டம், தேவையான சட்டம். ஆனால் பள்ளிகளுக்கு இடையே உள்ள கற்றல் இடைவெளியை அது குறைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த இடைவெளிக்காக ஏழைப் பிள்ளை கட்டிவந்த தண்டத்தை, மருத்துவப் படிப்பின் வாசலில் மட்டும் அது தள்ளுபடி செய்தது.

நீட்டுக்கு முன்பே இருந்த பள்ளம்

இந்தப் பிரச்சினையை நீட் உண்டாக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். முழு உண்மை அதுவல்ல. தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. பயிற்சி மையத்துக்குப் போக வசதியுள்ள நகரத்துப் பிள்ளைகளுக்கே அது சாதகமாக இருக்கிறது என்ற வாதம் வலுத்து, மு. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி சட்டம் இயற்றி அதை ரத்து செய்தார்கள். 2007-08 முதல் 2016-17 வரை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை நடந்தது.

சரி, அந்தப் பத்தாண்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிகளை நிரப்பினார்களா? இல்லை. ஆண்டுக்குச் சில பத்துப் பேர், அதாவது நூறு இடத்துக்கு ஏறக்குறைய ஒருவர் என்ற அளவுதான். பிளஸ் டூ மதிப்பெண்ணைக் குறிவைத்தே ஒரு பள்ளித் தொழில் வளர்ந்தது. நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே காலையிலிருந்து இரவு வரை எழுதவைத்து 200-க்கு 199 கட் ஆஃப் வாங்கவைத்தார்கள். இயற்பியல் ஆசிரியர் இடமே காலியாகக் கிடந்த கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளிப் பிள்ளை, அந்த 199-ஓடு போட்டி போட வேண்டியிருந்தது.

அப்போதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முறையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தோற்றாலும் தமிழ்வழிப் பிள்ளைகள் முழுக்கத் தோற்கவில்லை. உதவிபெறும் பள்ளிகளிலும் சிறு நகரங்களின் பள்ளிகளிலும் தமிழில் படித்தவர்கள் கணிசமாக மருத்துவம் சேர்ந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு 2021 ஜூலையில் கொடுத்த அறிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. 2014-15இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். நீட் நடைமுறைக்கு வந்த 2017-18இல் அது 1.6 சதவீதமாகச் சரிந்தது. ஏற்கெனவே இருந்த பள்ளத்தை நீட் கிணறாக்கிவிட்டது.

2017 முதல் 2020 வரை

2016இல் மாநில அரசுகளுக்கு நீட்டிலிருந்து ஓராண்டு விலக்கு கிடைத்தது. 2017 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய இரண்டு விலக்கு மசோதாக்களுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு 85 சதவீத இடம் என்ற அரசாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் ரத்து செய்தது. 2005 வாக்கில் எழுதப்பட்ட பிளஸ் டூ பாடநூலைப் படித்த பிள்ளைகள், என்.சி.இ.ஆர்.டி. பாடத்திலிருந்து வரும் 180 கேள்விகளை மூன்று மணி நேரத்தில், தவறான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் உள்ள தேர்வில் சந்தித்தார்கள். பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 எடுத்த அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடியும் பலனில்லாமல், 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ்நாடு அதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

அடுத்த ஆண்டு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2018 நீட் வினாத்தாளின் தமிழ் வடிவத்தில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் கருணை மதிப்பெண்ணாக வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்து, பிறகு ரத்தும் செய்தது. கேள்வியே தவறாக இருந்த தேர்வில் எழுதியவரின் தகுதியை அளந்தார்கள் என்பதை எப்படி ஏற்பது?

மாநில அரசு சும்மா இருக்கவில்லை. ஒன்றியத்துக்கு ஒன்று என்று 412 இலவசப் பயிற்சி மையங்களை அறிவித்தது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வைக் கொண்டுவந்தது. 2018-19 முதல் பாடநூல்களைப் புதிதாக எழுதியது. புதிய பாடநூல்கள் நல்ல முயற்சி, தரத்தில் என்.சி.இ.ஆர்.டி. நூல்களுக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் சனி, ஞாயிறு வகுப்பால் ஓராண்டில் சரிக்கட்ட முடிகிற குறையா அது? அரசுப் பள்ளிச் சேர்க்கை ஒற்றை இலக்கத்திலேயே நின்றது.

சட்டம் என்ன சொன்னது

2020 மார்ச்சில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தரும் முடிவைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையிலான ஆணையம் தரவுகளைத் திரட்டியது. மாநிலத்தில் படிக்கும் பிள்ளைகளில் சுமார் 41 சதவீதம் அரசுப் பள்ளிகளில். மருத்துவ இடங்களில் அவர்கள் பங்கு ஒரு சதவீதத்தில் கால்பங்குகூட இல்லை. ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது, அமைச்சரவை 7.5 ஆகக் குறைத்தது. செப்டம்பர் 15 அன்று மசோதா நிறைவேறியது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் ஒப்புதல் தராமல் வாரக்கணக்கில் வைத்திருந்தார். கலந்தாய்வு நெருங்கிவிட்டதால் அக்டோபர் 29 அன்று அரசு, அரசமைப்பின் 162ஆவது பிரிவில் உள்ள நிர்வாக அதிகாரத்தைப் பயன்படுத்தி அரசாணையே வெளியிட்டது. மறுநாள் ஆளுநர் கையெழுத்திட்டார்.

ஒதுக்கீட்டின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதன் வலிமை அங்கேதான் இருக்கிறது. இது சமூகப் பிரிவுகளுக்கான 69 சதவீத இட ஒதுக்கீட்டோடு கூடுதலாகச் சேரும் ஒதுக்கீடு அல்ல. கிடைமட்டமாக, ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் குறுக்கே ஓடுவது. மாநிலத்தின் கையில் 1,000 இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 அரசுப் பள்ளிக்கு. அந்த 75-ஐப் பொதுப் பிரிவுக்கு 23, பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 15, பட்டியல் சாதியினருக்கு 11, அருந்ததியருக்கு 2, பழங்குடியினருக்கு 1 என்று பிரிக்க வேண்டும். ஆக, எந்தச் சமூகத்தின் இடமும் இன்னொரு சமூகத்துக்குப் போவதில்லை. ஒவ்வொரு சமூகத்துக்குள்ளும் தனியார் பள்ளிக்கு அனுப்ப முடிந்த குடும்பத்திடமிருந்து முடியாத குடும்பத்துக்குச் சிறு பங்கு நகர்கிறது. சாதிப் பின்னணியையும் பொருளாதார நிலையையும் மோதவிடாமல் ஒரே சட்டத்தில் கணக்கில் எடுத்த முறை இது. வருமானச் சான்றிதழை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு ஆண்டு அரசுப் பள்ளியில் படித்தேன் என்று போலியாகக் காட்டுவது அவ்வளவு சுலபமல்ல.

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்து, அப்புறம் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் சட்டம் இடம் தந்தது. வீட்டின் வறுமை காரணமாகத் தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்ற பிள்ளையைத் தண்டிக்காமல் விட்ட கவனம் பாராட்டத்தக்கது.

நீட் தேர்ச்சி கட்டாயம் என்பது மாறவில்லை. 2020இல் பொதுப் பிரிவுக்கு 720-க்கு 147, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 113 தகுதி மதிப்பெண். அதைத் தாண்டியவர்களைத் தனித் தரவரிசையில் வைத்தார்கள். நவம்பர் 18 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்தில் கலந்தாய்வு இவர்களோடுதான் தொடங்கியது. பல் மருத்துவத்தையும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட இடங்கள்.

கட்டணம் என்ற இரண்டாவது வாசல்

சட்டம் இடத்தை மட்டும்தான் தந்தது. கலந்தாய்வு மேடைக்குப் போன பிறகுதான் அடுத்த சுவர் தெரிந்தது. அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் அப்போது 13,000 ரூபாய் சொச்சம். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் அளவுக்குக் கட்ட வேண்டும், விடுதியும் உணவும் தனி. 7.5 சதவீதம் சுயநிதிக் கல்லூரிகளின் மாநில இடங்களுக்கும் பொருந்தும் என்பதால், தரவரிசையில் பின்னால் இருந்தவர்களுக்குச் சுயநிதி இடம்தான் மீதி. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு என்ன செய்வார்கள்? இடம் கிடைத்தும் வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் இருந்தார்கள். இந்தச் சட்டத்தின் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்தச் சில நாட்கள்தான். எவ்வளவோ யோசித்து எழுதிய சட்டத்தில், யாருக்காக எழுதினோமோ அவர்களின் வீட்டில் எவ்வளவு பணம் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் அரசு விழித்துக்கொண்டது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்தும், உதவித்தொகை வரும்வரை காத்திராமல் உடனே கட்டச் சுழல் நிதி உருவாக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். அந்த அறிவிப்புக்கு முன்பே இடத்தை விட்டுக்கொடுத்தவர்கள் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருந்தது. நாலு நாள் முன்னால் சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் ஒரு பிள்ளைக்கும் இருந்திருக்காது.

இந்தப் பாடத்தை அடுத்த அரசு சரியாகப் பிடித்துக்கொண்டது. 2021 ஆகஸ்டில், நீதிபதி டி. முருகேசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் 7.5 சதவீதம் விரிந்தது. கல்வி, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று முதல்வர் ஸ்டாலின் செப்டம்பரில் அறிவித்தார். பொறியியலில் ஒதுக்கீட்டை விட இந்தக் கட்டண ஏற்புதான் பெரிய விஷயம் என்பேன். பொறியியலில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. அங்கே ஏழைப் பிள்ளைக்கு இடம் ஒரு சிக்கல் இல்லை. நல்ல கல்லூரியில் இடம் கிடைப்பதும் அதற்குப் பணம் கட்டுவதும்தான் சிக்கல். மருத்துவத்தில் இடமே அரிது, அதனால் ஒதுக்கீடு முன்னால் நிற்கிறது. ஒரே எண், இரண்டு படிப்பில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தப் பயனாளிகள் எண்ணிக்கையை மட்டும் சொல்வதில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

நீதிமன்றம் வைத்த கெடு

ஒதுக்கீட்டை எதிர்த்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரல் 7 அன்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி முனீஸ்வர் நாத் பண்டாரி, நீதிபதி பரத சக்கரவர்த்தி அமர்வு சட்டம் செல்லும் என்றது. அதோடு ஐந்தாண்டில் மறு ஆய்வு செய்ய வேண்டும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தி இந்த ஒதுக்கீட்டின் தேவையே இல்லாத நிலையைக் கொண்டுவர வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் பதிவு செய்தது. 2020இல் தொடங்கிய அந்த ஐந்தாண்டு ஓடிவிட்டது.

அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றத்தில் எடுபடவில்லை. சட்டப்படி அரசு கோடு போடலாம்தான். ஆனால் தென் மாவட்டங்களிலும் டெல்டாவிலும் எத்தனையோ ஊர்களில் ஏழைப் பிள்ளைகள் படிப்பது உதவிபெறும் பள்ளியில். பக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி இல்லாததால் அங்கே போனவர்கள் அவர்கள். கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் என்றுதான் தொடங்கியது. பிறகு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? அனிதா பிளஸ் டூ படித்தது தனியார் பள்ளியில். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுக்கும் ஏழைப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகள் இலவசமாகச் சேர்த்துக்கொள்வது தமிழ்நாட்டில் சாதாரணம். எந்த மாணவியின் முடிவு இந்த விவாதம் முழுவதையும் கிளப்பியதோ, அவருக்கு இந்தச் சட்டம் அன்று இருந்திருந்தாலும் உதவியிருக்காது.

ஒதுக்கீட்டுக்குள் நுழைவது யார்

2022 ஜனவரியில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் 1,450 இடங்களோடு திறக்கப்பட்டன. 7.5 சதவீதத்தின் எண்ணிக்கையும் கூடவே உயர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு நேரத்தில் செய்தித்தாள்களில் படங்கள் வருகின்றன. வீட்டில் முதல் பட்டதாரி, ஊரிலேயே முதல் மருத்துவர். இந்த மகிழ்ச்சியை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஒரு ஊருக்கு ஒரு மருத்துவர் கிடைத்தால் அந்த ஊரின் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் ஆசையே மாறிவிடும்.

ஆனால் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் பழைய இடைவெளி வேறு உருவத்தில் உள்ளே வந்திருப்பது தெரியும். முதல் ஆண்டில் தரவரிசையில் முதலிடம் பிடித்த தேனி மாவட்ட மாணவர் 664 மதிப்பெண் வாங்கினார். அது அவருடைய இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியில் இடம் கிடைக்காமல், பிறர் உதவியோடு ஓராண்டு பயிற்சி மையத்தில் தங்கிப் படித்தார். அவர் உழைப்புக்கு வணக்கம். ஆனால் உதவி செய்ய யாரும் கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? ராஜன் குழுவின் கணக்குப்படி, எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்கள் நீட்டுக்கு முன் சுமார் 12 சதவீதம், 2020-21இல் சுமார் 71 சதவீதம். நீட் எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்பதை விட, பிளஸ் டூ முடித்து எத்தனை ஆண்டு சம்பாதிக்காமல் உட்கார முடியும் என்று கேட்கும் தேர்வாகிவிட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ளேயே ஓராண்டு வீட்டில் இருந்து படிக்க முடிந்தவர், முடியாதவர் என்று இரண்டு கூட்டம். பெண் பிள்ளையாக இருந்தால் அந்த ஓராண்டைக் குடும்பம் தருமா என்பது தனிக் கேள்வி.

மாவட்டத்துக்கு ஒன்றாக வந்திருக்கும் உறைவிட மாதிரிப் பள்ளிகளிலிருந்து ஐ.ஐ.டி. வரைக்கும் பிள்ளைகள் போகிறார்கள். நல்லது. அந்தப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அழைத்துப் போன பிறகு அவர்கள் விட்டுவந்த பள்ளியில் என்ன மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும். வகுப்பில் நன்றாகப் படிக்கும் நாலு பேர் போய்விட்டால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டவர்களுக்கும் இழப்பு.

ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கும் கணக்கு

நீட்டில் 113 எடுப்பவருக்கும் 600 எடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் பதினேழு வயதில் உருவானதல்ல. ஏழாம் வகுப்பில் பின்னம் புரியாமல் போனது, ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் பாதி ஆண்டு இல்லாமல் போனது, பிளஸ் ஒன்னில் இயற்பியலுக்குத் தேவையான கணிதம் கைவராமல் போனது என்று சேர்ந்து வருவது. 2022இல் 13,331 காலி ஆசிரியர் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவு செய்தது. முதுநிலை ஆசிரியருக்கு மாதம் 12,000, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய். இந்தச் சம்பளத்துக்கு வரும் ஆசிரியர் அடுத்த ஆண்டு இருப்பாரா? இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை.

இடைவெளியைக் குறைக்க முடியும் என்பதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் தமிழகக் கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல் இழப்பைப் பொருளியலாளர்கள் அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் அளந்தார்கள். 2021 டிசம்பரில் இழப்பு மிகப் பெரிதாக இருந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த திட்டம் அது. சின்ன வகுப்பில், பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கினால் பலன் வேகமாக வருகிறது. அதே அக்கறை ஆறு முதல் பத்துவரை தொடர்ந்தால் 7.5 சதவீதத்துக்குள் வருபவர்களின் மதிப்பெண்ணே வேறாக இருக்கும்.

2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத் தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டும் பழைய பழக்கம் திரும்பினால், நீட் கேள்விகளில் ஏறக்குறைய பாதி வரும் அந்தப் பாடத்தை அரசுப் பள்ளிப் பிள்ளை மறுபடி தானாகப் படிக்க வேண்டியிருக்கும். பொதுத் தேர்வு இல்லாமலே அந்தப் பாடம் முழுதாக நடத்தப்படுகிறதா என்று கண்காணிக்க ஏற்பாடு வேண்டும்.

மறு ஆய்வில் இருக்க வேண்டியவை

புதுச்சேரியும் மத்தியப் பிரதேசமும் 2023இல் இதேபோன்ற ஒதுக்கீடுகளைக் கொண்டுவந்தன, முறையே 10 சதவீதமும் 5 சதவீதமும். தமிழ்நாட்டின் அனுபவம் அவர்களுக்கும் தேவைப்படும். ஆகவே ஐந்தாண்டு மறு ஆய்வு ஒரு சடங்காக முடிந்துவிடக் கூடாது. 2020இல் இருந்து ஒவ்வோர் ஆண்டும் 7.5 சதவீதத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முதல் முயற்சியில் வந்தவர்கள், எத்தனை பேர் தமிழ்வழியில் படித்தவர்கள், எத்தனை பேர் பெண்கள், எந்த ஒன்றியங்களிலிருந்து இதுவரை ஒருவர்கூட வரவில்லை என்று பள்ளிவாரியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் முதலாண்டு உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் தேர்வுகளில் எப்படித் தேறினார்கள், ஆங்கிலப் பாடநூலோடு போராடிய தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் என்ன துணை கிடைத்தது, யாராவது பாதியில் விட்டார்களா என்பதும் தெரிய வேண்டும். இடம் கொடுத்ததோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடவில்லை.

இந்தத் தரவு எதையும் புதிதாகத் திரட்டத் தேவையில்லை. சேர்க்கை விவரம் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவிடமும், தேர்வு முடிவுகள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடமும், ஆறாம் வகுப்பிலிருந்தான வருகையும் மதிப்பெண்ணும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸிலும் இருக்கின்றன. மூன்றையும் இணைத்து, பெயர்களை நீக்கி வெளியிட்டால், எந்த வகுப்பில் பிள்ளைகள் பின்தங்கத் தொடங்குகிறார்கள் என்பது ஒன்றியம் ஒன்றியமாகத் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டின் ஆசிரியர் நியமனத்தை அங்கிருந்து தொடங்கலாம்.